காலாண்டு விடுமுறையில் 4 இரவு: சிங்கப்பூரா, கோலாலம்பூரா? கைக்குழந்தையோடு ஒன்றரை லட்சத்தில் முடியுமா?

உறையூர் அம்மா | ஜூலை 6, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் தடவையாகக் கேட்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், என் அம்மா (64 வயது, முட்டி வலி உண்டு), 5 வயதுப் பையன், 20 மாதப் பெண் குழந்தை. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நான்கு இரவு வெளிநாடு போய்வர ஆசை. திருச்சியிலிருந்து நேராகப் பறக்க முடிகிற ஊராக இருந்தால் நல்லது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் மாறுவதற்கு இரண்டு பிள்ளைகளோடு எனக்குத் தெம்பில்லை. சேர்த்து வைத்திருப்பது ஒன்றரை லட்சம். கடன் வாங்கிப் போவதாக இல்லை.

சிங்கப்பூர் சுத்தம், பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவுக்குக் கோலாலம்பூர் பக்கம் உள்ள பத்துமலை முருகன் கோயிலைப் பார்க்க வேண்டும். என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு 1950களில் ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த பத்துமலைப் படம் இன்னும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது. அம்மா இது வரை விமானமே ஏறியதில்லை.

ஒரு டூர்க்காரரிடம் கேட்டேன். ஐந்து நாளில் சிங்கப்பூர், மலேசியா இரண்டும் காட்டுகிறேன் என்று ஒரு பட்டியல் அனுப்பினார். காலை 7 மணிக்குப் பேருந்து, இரவு 9 மணிக்கு அறை. பார்த்ததுமே பயமாக இருந்தது. நாமே திட்டமிட்டால் முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டைவால் அப்பா | ஜூலை 6, இரவு 10.52

அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள் அக்கா. சிங்கப்பூரிலிருந்து மலேசியா போகிற பாலத்தில் விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அத்தனை பெட்டியையும் இறக்கி ஏற்றி, தூங்குகிற குழந்தையை எழுப்பி, இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சோதனை. நான்கு இரவுக்கு ஒரே ஊர், ஒரே அறை. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். 2023 டிசம்பரில், விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்த கையோடு சென்னையிலிருந்து கோலாலம்பூர் போனோம், அப்போது இருவருக்கும் 4 வயது. நள்ளிரவு விமானம் விலை குறைவு என்று அதையே எடுத்தேன். தலைக்கு 1,800 ரூபாய் மிச்சம். அங்கே காலை 6.30க்கு இறங்கினோம். நமக்கு அது விடிகாலை 4 மணி. விடுதியில் அறை மதியம் 3 மணிக்குத்தான் என்றார்கள். வரவேற்பறை சோபாவில் ஒருத்தன் என் மடியில், இன்னொருத்தன் அம்மா மடியில். ஒன்பது மணி வாக்கில் சின்னவன் உடம்பு சுட ஆரம்பித்தது. காலியாக இருந்த பக்கத்து விடுதியில் அரை நாளுக்குப் பணம் கட்டி உள்ளே போனோம். மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போயிற்று, முதல் நாளும் போயிற்று.

அதனால் பகல் விமானம் பாருங்கள். இறங்கி, ஊருக்குள் போய்ச் சேரும்போது அறை தயாராக இருக்க வேண்டும்.

தெக்கா ஓரம் | ஜூலை 7, காலை 7.30

சிங்கப்பூரில் 11 வருடமாக இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளை இங்கேதான் வளர்க்கிறேன். குழந்தைகளோடு நடமாட இதைவிடச் சுலபமான ஊரை நான் பார்த்ததில்லை. எல்லா ரயில் நிலையத்திலும் மின்தூக்கி உண்டு. தள்ளுவண்டியை மடிக்காமலேயே பேருந்தில் ஏற்றலாம், 2017லிருந்து அனுமதி. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இலவசம். கார்டன்ஸ் பை த பே சிறுவர் தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி விளையாடும் இடம் இருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டும் திங்கட்கிழமை மூடியிருக்கும். இரவு 7.45க்கும் 8.45க்கும் கார்டன்ஸ் பை த பேயில் மரம் போன்ற உயரக் கோபுரங்களில் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி, அதற்கும் காசு கிடையாது.

ஆனால் உங்கள் பணத்துக்கு நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விசா கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கைக்குழந்தைக்கும் அதே. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அவருடைய கூலி தனி. பெரியவர்கள் மூவரும் பிள்ளைகள் இருவரும் படுக்கிற மாதிரி அறை கேட்டால் பெரும்பாலும் இரண்டு அறை எடுக்கச் சொல்வார்கள். நான்கு இரவுக்கு அறைக்கே 50,000 தாண்டிவிடும். இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்க வழி இருந்தால் யோசிக்காமல் சிங்கப்பூர் வாருங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர்தான் சரி.

இன்னொரு விஷயம், பிறகு வருகிறவர்களுக்கும் பயன்படும். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். தெருவில் ஓடும் டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் காருக்கு விலக்கு இல்லை. குழந்தையோடு நின்றால் ஓட்டுநர் ஏற்ற மாட்டேன் என்பார். அவர் மேல் கோபப்படாதீர்கள், அபராதம் அவருக்கு.

தென்னூர்க்காரன் | ஜூலை 7, காலை 9.05

தவறாக நினைக்க வேண்டாம். 20 மாதக் குழந்தைக்கு எதுவும் நினைவில் நிற்காது. அவளுக்கு ஏழு எட்டு வயதானதும் போகலாமே? இந்த வருடம் கொடைக்கானல் போதும். பணம் கஷ்டப்பட்டுச் சேர்த்தது என்பதால் சொல்கிறேன்.

உறையூர் அம்மா | ஜூலை 7, மதியம் 1.20

தவறாக நினைக்கவில்லை அண்ணா, என் மாமனாரும் இதையேதான் சொன்னார். பாப்பாவுக்கு நினைவில் இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு ஏழு வயதாகும்போது அம்மாவுக்கு 70 ஆகிவிடும். முட்டி இப்போதே மாடிப்படிக்குக் கெஞ்சுகிறது. இந்த வருடம் போனால்தான் அம்மா போவார்.

சரி, கோலாலம்பூர் என்று முடிவு செய்துவிட்டேன். இனி அதைப் பற்றிச் சொல்லுங்கள். விசா வேண்டாம் என்பது உறுதிதானே?

கணக்குப்பிள்ளை | ஜூலை 7, மாலை 4.40

உறுதி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள், குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்று. அது முழுக்க இலவசம். தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் காசு கேட்கும் தளங்கள் வரும், அட்டை எண்ணை எங்கும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. பாப்பாவுக்கு இரண்டு வயது முடிவது எப்போது? விமானத்தில் இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம், சின்னக் கட்டணம். இரண்டு முடிந்துவிட்டால் முழு இருக்கை. பயணம் செய்கிற நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள், பதிவு செய்த நாளில் அல்ல. போகும்போது 23 மாதம், திரும்பும்போது 24 முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும்.

உறையூர் அம்மா | ஜூலை 7, மாலை 5.10

நவம்பர் 14 சார். அப்படியானால் செப்டம்பரில் போவதுதான் லாபம்! இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளலாமா என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், இப்போதே காட்டுகிறேன். பாப்பாவுக்கும் பையனுக்கும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. நேரம் போதுமா?

மணப்பாறை மருமகள் | ஜூலை 7, இரவு 8.30

போதும் அக்கா, ஆனால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். போன மாதம்தான் என் மகளுக்கு எடுத்தேன். 8 வயதுக்குள் என்றால் 1,000 ரூபாயில் பத்து சதவீதம் தள்ளுபடி, 900 கட்டினால் போதும். இணைப்பு டி என்ற படிவத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டின் அசலையும் எடுத்துப் போங்கள். 4 வயதுக்குக் கீழே இருந்தால் வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் நாம் கொண்டுபோக வேண்டும், அங்கே எடுக்க மாட்டார்கள். நான் இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ தேடி அலைந்தேன். படத்தில் குழந்தையின் கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் பிடித்திருப்பவர் கை தெரியக் கூடாது. வீட்டிலேயே வெள்ளை வேட்டியை விரித்துப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, நல்லதாக ஒன்றை அச்சிடுங்கள்.

பாப்பா தூங்குகிற நேரத்தில் நேரம் பதிவு செய்யாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன் | ஜூலை 8, காலை 6.50

வணக்கம் சகோதரி. பிறந்து வளர்ந்தது எல்லாம் கோலாலம்பூர். தாத்தா முசிறியிலிருந்து வந்தவர், அதனால் உறையூர் என்று பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தங்குவதற்கு பிரிக்பீல்ட்ஸ் பாருங்கள். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நடக்கிற தூரம். ஊரில் உள்ள பெரும்பாலான ரயில் பாதைகள் அங்கேதான் சந்திக்கின்றன. விமான நிலைய விரைவு ரயில், எல்.ஆர்.டி. நகர ரயில், மோனோரயில், பத்துமலைக்குப் போகும் கே.டி.எம். புறநகர் ரயில் எல்லாம் அங்கேயே. அம்மாவுக்கு இட்லி, தோசை, இலைச் சாப்பாடு இறங்கி நடந்தால் கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம். காலையில் கடைக்குப் போனால் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். புக்கிட் பிந்தாங் பக்கம் பளபளப்பாக இருக்கும், ஆனால் இரவு முழுக்கச் சத்தம், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

அறை எடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விலை குறைந்த அறைகள் பலவற்றில் ஜன்னலே இருக்காது. படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கிப் பார்த்தால் சுவர். விவரத்தில் ஜன்னல் உண்டு என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, பெரும்பாலும் நேரில்தான் வாங்குவார்கள். வெள்ளி என்றால் ரிங்கிட், நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் பெரியவருக்கு 55 வெள்ளி, 6 வயதுக்குள் இலவசம். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் நீங்கள் பெரியவர்கள் மூன்று பேர், 165 வெள்ளி ஆகிறது. கிராப் செயலியில் ஆறு பேர் உட்காரும் வண்டி எடுத்தால் 110, 120க்குள் விடுதி வாசலிலேயே இறங்கலாம். தனியாக வருகிறவருக்கு ரயில், குடும்பத்துக்கு வண்டி.

பத்துமலை பற்றி இரவு எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 8, மதியம் 12.15

இது வரை வந்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ரிங்கிட் 21 ரூபாய் என்று வைத்திருக்கிறேன்.

டிக்கெட் நான்கு இருக்கை, மடிக் குழந்தைக் கட்டணம், இரு வழியும் ஒரு பெரிய பெட்டி: 68,000 சுற்றி. ஏர்ஏசியாவும் பாத்திக் ஏரும் திருச்சியிலிருந்து நேராகப் போகின்றன. பெட்டியோடு சேர்த்து ஒப்பிடுங்கள். வெறும் டிக்கெட் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், விலை குறைந்த விமானத்தில் கையில் 7 கிலோதான்.
இரண்டு பெரிய கட்டில் உள்ள குடும்ப அறை 230 ரிங்கிட் என்றால், வரியோடு நான்கு இரவுக்கு 960: 20,160 ரூபாய்.
சாப்பாடு நாளுக்கு 160 வீதம் ஐந்து நாள்: 16,800.
விமான நிலைய வண்டியும் ஊருக்குள் ரயிலும் 370: 7,770.
நுழைவுச் சீட்டு 400: 8,400.
பாஸ்போர்ட் இரண்டு, பயணக் காப்பீடு: 4,500 வரை.

மொத்தம் 1,25,630. மிச்சம் 24,000 சொச்சம். அதை ஷாப்பிங்குக்கு ஒதுக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், விமானம் தள்ளிப்போனால் அதுதான் கை கொடுக்கும். காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், ஐந்து பேருக்கும் சேர்த்தே மூவாயிரத்துக்குள் முடிகிறது.

நம் வங்கி அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. பாதிப் பணத்தைத் திருச்சியிலேயே ரிங்கிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு மாற்றுங்கள், விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம்.

பிரிக்பீல்ட்ஸ்காரன் | ஜூலை 8, இரவு 9.30

பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.டி.எம். ரயில், மூன்று வெள்ளிக்குள்தான். இறங்கினால் கோயில் வளாகம் ஒட்டியே இருக்கிறது. ரயில் அடிக்கடி இல்லை, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காலை 8 மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி போங்கள். பத்தரைக்கு மேல் படி சுடும், சுற்றுலாப் பேருந்துகளும் வந்துவிடும்.

272 படி. செங்குத்து. அம்மாவுக்கு முட்டி வலி என்றால் மேலே ஏற வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அடிவாரத்திலேயே சன்னதிகள் உண்டு, உட்கார நிழல் உண்டு, 42.7 மீட்டர் முருகன் சிலையும் கீழேதான் நிற்கிறது. நீங்களும் வீட்டுக்காரரும் மாறி மாறிப் பையனை அழைத்து ஏறுங்கள். தள்ளுவண்டி படிக்குப் பயன்படாது, பாப்பாவை நெஞ்சில் கட்டும் பை இருந்தால் கொண்டுவாருங்கள்.

குரங்குகள் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பிளாஸ்டிக் பை, பிஸ்கட், பால் புட்டி எதையும் கையில் தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். பிள்ளை கையில் தின்பண்டம் கொடுத்து ஏற்றவே கூடாது. பிடுங்கும்போது நகம் பட்டால் பிறகு ஊசி, ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டும்.

தைப்பூசத்தன்று பிள்ளைகளோடு வர நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், அது வேறு அனுபவம், கூட்டத்தில் குழந்தை மூச்சு விட முடியாது. சாதாரண நாளில் வாருங்கள்.

உறையூர் அம்மா | ஜூலை 8, இரவு 10.05

அண்ணா, கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கீழேயே உட்கார்ந்து கும்பிட்டாலும் முருகனைக் கும்பிட்ட மாதிரிதான்" என்றார்.

மற்ற மூன்று நாளுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: இரட்டைக் கோபுரம் மேலே ஏறுவது, மீன் காட்சியகம், பறவைப் பூங்கா, அறிவியல் கூடம், சன்வே நீர்ப் பூங்கா, கெந்திங் மலை, புத்ராஜெயா. சரியாக வருமா?

ரெட்டைவால் அப்பா | ஜூலை 8, இரவு 10.40

வராது அக்கா. பாதியை அடியுங்கள், பிறகு மீதியிலும் பாதியை அடியுங்கள்.

சிறு பிள்ளைகளோடு ஒரு நாளில் இரண்டு விஷயம்தான் நடக்கும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் மதியம் 12.30 முதல் 4 வரை அறைக்குத் திரும்ப வேண்டும், பாப்பா கட்டிலில் தூங்க வேண்டும். கோலாலம்பூரில் பிற்பகலில் பெரும்பாலும் இடியோடு மழை கொட்டும், அந்த நேரம் நீங்கள் உள்ளே இருந்துவிடுவீர்கள். அறை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் இப்படித் திரும்பி வர முடியும். 40 ரிங்கிட் குறைவு என்று தள்ளி எடுத்தால் மதியத் தூக்கம் போகும், மாலை அழுகையில் முடியும். அறைக்குச் செலவழியுங்கள், நுழைவுச் சீட்டில் மிச்சம் பிடியுங்கள்.

கெந்திங் வேண்டாம், மலைப்பாதையில் வாந்தி வரும். நீர்ப் பூங்கா நாள் முழுக்க வாங்கும், டிக்கெட்டும் அதிகம். கோபுரத்தின் மேலே ஏறுவது 5 வயதுப் பையனுக்கு ஒன்றுமே இல்லை, கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு "அடுத்தது என்ன?" என்பான். கீழே கே.எல்.சி.சி. பூங்காவில் பெரிய விளையாட்டுத் திடலும், கணுக்கால் அளவுத் தண்ணீரில் குழந்தைகள் ஓடும் குளமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், 452 மீட்டர் கோபுரம் தலைக்கு மேலேயே தெரியும். என் இரண்டு பையன்களும் அங்கே இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தார்கள். மாற்றுத் துணியும் துண்டும் எடுத்துப் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன் | ஜூலை 9, காலை 6.40

அவர் சொல்வது முழுக்கச் சரி. கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.யில் ஐந்தாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. நிலத்தடியிலேயே நடந்து பேரங்காடிக்குள் போய்விடலாம், மழை நனைக்காது. அதே பேரங்காடியின் நான்காவது தளத்தில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் கூடம் இருக்கிறது, உங்கள் மகன் வயதுக்கு ரொம்பப் பிடிக்கும். திங்கட்கிழமை வந்துவிடாதீர்கள், அன்று மூடியிருக்கும்.

பறவைப் பூங்காவை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே வலை போட்டு 20 ஏக்கரில் பறவைகளைத் திரிய விட்டிருக்கிறார்கள், மயில் உங்கள் காலடியில் நடக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்தான். ஆனால் காசு கொடுத்துப் பார்க்க ஓர் இடம் என்றால் அதையே சொல்வேன். அம்மாவுக்கு மாலையில் பசார் செனி பக்கம் மகா மாரியம்மன் கோயில், 1873ல் ஏற்பட்டது, இங்குள்ள தமிழர்களுக்கு மிகப் பழைய கோயில்.

சாப்பாட்டில் பிள்ளைகளுக்குக் காரம் வேண்டாம் என்றால், மலாய்க் கடையில் "தக் மாவு பெடாஸ்" என்று சொல்லுங்கள். ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) பிள்ளைகளுக்குப் பிடிக்கும், குழம்பைத் தனியாகக் கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அறையில் கெட்டில் இருக்கும்.

மணப்பாறை மருமகள் | ஜூலை 9, காலை 10.20

சின்னச் சின்னதாக நானும் சொல்கிறேன். விமானம் இறங்கும்போது பாப்பாவுக்குப் பால் கொடுங்கள், விழுங்கிக்கொண்டே இருந்தால் காது அடைக்காது. பையனுக்கு மிட்டாய். அங்கே சுவரில் செருகும் இடம் மூன்று தட்டைக் கம்பி, நம் பிளக் ஏறாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் மருந்து, வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எல்லாம் கைப்பையில், பெரிய பெட்டியில் வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். பிள்ளைகள் அங்கே இரவு 11 வரை விழித்திருப்பார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். இரண்டாம் நாளில் பழகிவிடும்.

உறையூர் அம்மா | ஜூலை 12, இரவு 9.00

டிக்கெட் போட்டாச்சு! செப்டம்பர் 28 காலை விமானம், அக்டோபர் 2 திரும்புகிறோம். எல்லாம் சேர்த்து 71,400. பிரிக்பீல்ட்ஸில் ஜன்னல் உள்ள குடும்ப அறை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகை. பாஸ்போர்ட்டுக்கு 18ஆம் தேதி. வெள்ளை வேட்டியில் படம் எடுத்தோம், 23 படத்தில் ஒன்று தேறியது.

போய் வந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

உறையூர் அம்மா | அக்டோபர் 6, இரவு 8.45

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் கோலாலம்பூரில் இறங்கி, அறைக்குப் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. அறை தயாராக இருந்தது. விமானத்தில் அம்மா ஜன்னலோரம். மேகத்துக்கு மேலே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், இறங்கும் வரை விடவில்லை.

திங்கள் காலை பத்துமலை. 8.10க்குப் போய்விட்டோம். அம்மா சிலைக்கு முன்னால் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார், "நம்ம வீட்டுப் படத்துல இந்த முருகன் இல்லையே." தாத்தா பார்த்த பத்துமலையில் படியும் குகை வாயும்தான். சிலை 2006ல் வந்தது, படிக்கு வண்ணம் அடித்தது 2018ல். ஊரிலிருந்து படத்தைக் கைப்பேசியில் எடுத்து வந்திருந்தேன். படி ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, படத்தையும் மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேலே குகையின் விளிம்பில் ஒரு பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, படத்திலும் அது அப்படியே இருந்தது. "அப்பா இங்கதான் நின்னிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். நானும் பையனும் ஏறி இறங்கும் வரை எழுந்திருக்கவில்லை. பையன் படியை எண்ணிக்கொண்டே ஏறினான், 272 சரியாக வந்தது என்று அவனுக்குப் பெருமை.

செவ்வாய் பெட்ரோசைன்ஸ், மாலை கே.எல்.சி.சி. குளம். ரெட்டைவால் அப்பா சொன்னது போலவே, பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

புதன் பறவைப் பூங்கா போவதாக இருந்தது. விடிகாலையில் பாப்பாவுக்கு 101 காய்ச்சல். பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினோம், மருத்துவர் தமிழிலேயே பேசினார், தொண்டையில் லேசான தொற்று என்றார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. நானும் அம்மாவும் பாப்பாவோடு அறையில் இருந்தோம், வீட்டுக்காரர் பையனைக் கூட்டிக்கொண்டு மோனோரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்த் திரும்பி வந்தார். மொத்தம் 11 நிலையம். அவன் அது போதாது என்று மறுபடியும் போக வேண்டும் என்றான், மறுபடியும் போனார்கள். டிக்கெட்டுக்குப் பதில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுக்கிறார்கள், அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். வெளியே வரும்போது இயந்திரத்தில் போட மனசே இல்லை, அழுதுவிட்டான். பறவைப் பூங்கா போகவில்லையே என்று அவன் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

மொத்தச் செலவு 1,36,200. கிளினிக் உட்பட. தென்னூர் அண்ணா, கடன் இல்லாமல் முடிந்தது.

தென்னூர்க்காரன் | அக்டோபர் 6, இரவு 9.20

மனசு நிறைந்தது அம்மா. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் என் பெற்றோரையும் அழைத்துப் போகலாம் என்று இப்போது யோசனை வருகிறது. அந்தக் குடும்ப அறையில் ஐந்து பேருக்கு இடம் போதுமா?

உறையூர் அம்மா | அக்டோபர் 6, இரவு 9.35

போதும் அண்ணா. அம்மாவும் பையனும் ஒரு கட்டில், நாங்கள் பாப்பாவோடு இன்னொன்று. குளியலறை ஒன்றுதான், காலையில் கொஞ்சம் வரிசை. விடுதியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

அப்புறம் ஒன்று. ரயிலுக்காக வாங்கிய டச் அண்ட் கோ அட்டை ஒன்றில் இன்னும் 11 வெள்ளி இருக்கிறது. நாங்கள் இப்போதைக்குப் போகப் போவதில்லை. திருச்சியிலிருந்து யாராவது போவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அடாப்டரும் சேர்த்துத் தருகிறேன்.

மணப்பாறை மருமகள் | அக்டோபர் 6, இரவு 10.10

அக்கா, எனக்கு! ஜனவரி 9 டிக்கெட் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உறையூர் வருகிறேன், அந்தப் பத்துமலைப் படத்தையும் பார்க்க வேண்டும்.